மார்ச்சில் எடுத்த அணிகளும் 60 ஆட்டங்களும்

குழு: பெரிய வீட்டு பேஸ்பால் லீக்
15 நவம்பர் 2020, ஞாயிறு

பெரியப்பா (காலை 9:04)
அனைவருக்கும் வணக்கம். நேற்றுத் தீபாவளி அழைப்பிலேயே இதைப் பேசி முடித்திருக்கலாம். ஆனால் கோப்பையை வென்ற என் தங்கை வேறு எவரையும் பேச விடவில்லை. எம்விபி (ஆண்டின் மிகச் சிறந்த வீரர்) விருதுகளும் வியாழனன்று அறிவிக்கப்பட்டுவிட்டதால், நமது ஃபேன்டசி லீகின், அதாவது அமெரிக்க மேஜர் லீக் வீரர்களை நம் அணிகளுக்குப் பிரித்தெடுத்து அவர்களுடைய நிஜ ஆட்டக் கணக்கைக் கொண்டு நாம் மோதும் விளையாட்டின், 2020ஆம் ஆண்டுக் கணக்கை இன்றே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நமது விதிப்படி கடைசி இடத்தில் வந்தவர் அடுத்த டிராஃப்டில் (சுற்றுக்கு ஒருவராக வீரர்களைப் பிரித்தெடுப்பதில்) முதலில் தேர்வு செய்வார். ஒவ்வோர் அணியும் மூன்று வீரர்களை, அவர்களை எந்தச் சுற்றில் எடுத்ததோ அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். 162 ஆட்டங்கள் கொண்ட முழுப் பருவத்துக்காக எழுதிய இந்த விதிகளை, கொரோனா தொற்றால் 60 ஆட்டங்களில் முடிந்துபோன பருவத்துக்கும் அப்படியே பொருத்துவதா என்பதுதான் கேள்வி.

அத்தை (காலை 9:11)
அப்படியே பொருத்தலாம், அண்ணா. எட்டு அணிகளும் அதே 60 ஆட்டங்களைத்தான் ஆடின. டாட்ஜர்ஸ் அணி 43 வெற்றி, 17 தோல்வியோடு வந்து அக்டோபர் 27 அன்று ஆர்லிங்டனில் உலகத் தொடரையும் வென்றபோது, கோப்பையை முக்கால் பாகம் அறுத்துவிட்டா கொடுத்தார்கள்?

அண்ணன் (காலை 9:15)
நானும் அத்தையின் பக்கம்தான். விதி விதியாகவே இருக்கட்டும்.

அக்கா (காலை 9:16)
கடைசி இடத்தில் வந்தவருக்கு விதியின் மீது இவ்வளவு பற்று வருவது இயல்புதான், அண்ணா.

அண்ணன் (காலை 9:16)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அக்கா (காலை 9:31)
பெரியப்பா, கோப்பையைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் டிராஃப்ட் வரிசை என்பது ஓர் அணி எவ்வளவு பலவீனமானது என்பதற்கான அளவுகோல். அதை அளக்க 60 ஆட்டங்கள் போதாது. 2019இல் வாஷிங்டன் அணி முதல் 50 ஆட்டங்களில் 19 வென்று 31 தோற்றிருந்தது. அந்த மே மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால், அதே ஆண்டில் உலகத் தொடரை வென்ற அணியை நாம் தேறாத அணி என்றல்லவா எழுதியிருப்போம்?

என் அணியிலேயே இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. மூன்றாம் சுற்றில் நான் எடுத்த பிட்சர் (பந்துவீச்சாளர்) ஜாக் ஃபிளாஹர்ட்டி ஜூலை 24 அன்று முதல் ஆட்டத்தில் வீசினார். பிறகு செயின்ட் லூயிஸ் அணியில் தொற்று பரவியதால் ஆகஸ்ட் 19 வரை மறுபடியும் பந்துவீச்சு மேட்டில் ஏறவே இல்லை. செப்டம்பர் 15 அன்று மில்வாக்கியில் மூன்றே இன்னிங்ஸில் ஒன்பது ரன் கொடுத்தார். அவருடைய பருவம் மொத்தமே 40 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும்தான் என்பதால் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுக்கும் ரன்களின் சராசரி) 4.91இல் போய் நின்றது. அந்த ஒரு மாலையை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் அது 3.13. அதே அடி 2019இல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்குப் போட்டேன்: 196 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய அந்த ஆண்டில் அவருடைய 2.75 என்பது 3.12 ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஒரே ஆட்டம் ஓர் ஆண்டில் கீறலாகவும் மற்றோர் ஆண்டில் முறிவாகவும் முடிகிறது என்றால், அந்த இரண்டாவது ஆண்டை வைத்து டிராஃப்டின் தரத்தை எப்படிச் சொல்வது?

மாமா (காலை 9:40)
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மருமகளே. ஆனால் அதே பருவம்தான் எனக்கு மார்செல் ஓசுனாவைக் கொடுத்தது. எட்டாம் சுற்றில் அவரை எடுத்தபோது மேஜர் லீகின் இரு பகுதிகளில் ஒன்றான நேஷனல் லீகிலும் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க டிஎச் வரப்போகிறது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அது ஜூன் கடைசியில்தான் உறுதியானது. அவர் டிஎச் ஆகவே பெரும்பாலும் ஆடி .338 சராசரியும் 18 ஹோம்ரன்னும் 56 ஆர்பிஐயும் (தன் அடியால் வரவைத்த ரன்கள்) எடுத்தார். இதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

நான் (காலை 9:52)
நாம் மார்ச் 14 அன்று டிராஃப்ட் நடத்தியதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். அதற்கு இரண்டு நாள் முன்புதான், மார்ச் 12 அன்று, பயிற்சி ஆட்டங்களே நிறுத்தப்பட்டிருந்தன. பருவம் தள்ளிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சுருங்கும் என்று யாரும் எண்ணவில்லை. அதனால் அன்றைக்கு ஒரே ஒரு தந்திரம்தான் நம் எல்லோருக்கும் தோன்றியது: காயத்தில் இருப்பவர்களைச் சற்று மலிவாக எடுத்துவைத்தால், ஆட்டம் தொடங்குவதற்குள் குணமாகிவிடுவார்கள். அண்ணன் நான்காம் சுற்றில் வெர்லாண்டரையும், முழங்கால் அறுவை செய்திருந்த கிளெவிஞ்சரை ஆறாம் சுற்றிலும் எடுத்தார். பெரியப்பா விலா எலும்பு முறிந்திருந்த ஆரன் ஜட்ஜையும் அவருக்குப் பின்னால் ஸ்டான்டனையும் எடுத்தார். குணமானது என்னவோ உண்மைதான். வெர்லாண்டர் ஜூலை 24 அன்று சியாட்டிலுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் வீசி வென்றார். அதுவே அவருடைய முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் ஆனது. ஜட்ஜ் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஹோம்ரன் அடித்துவிட்டு, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மொத்தம் 28 ஆட்டம். மூன்று வாரம் ஆடாமல் இருந்தால் 162 ஆட்டங்களில் எட்டில் ஒரு பங்குதான் போகும். இந்த ஆண்டு அது மூன்றில் ஒரு பங்கு. காயமடைந்தவரை எடுப்பது நீண்ட பருவத்துக்கான சூதாட்டம் என்பது அன்றைக்கு எட்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பெரியப்பா (காலை 9:58)
ஜட்ஜையும் ஸ்டான்டனையும் எடுத்துவிட்டு, 22 ஹோம்ரன்னோடு இரண்டு லீகுகளிலும் முதலிடம் பிடித்த லூக் வோய்ட்டை நான் தொடாமல் விட்டதையும், தம்பி அவரை ஆகஸ்டில் வேவரில் (யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியலில்) இலவசமாக எடுத்துக்கொண்டதையும் இங்கே யாரும் நினைவூட்ட வேண்டாம்.

நான் (காலை 9:59)
நான் நினைவூட்டவே இல்லையே, பெரியப்பா.

அண்ணன் (காலை 10:06)
கிளெவிஞ்சர் விஷயத்தில் காயத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. ஆகஸ்டில் சிகாகோவில் அணியின் தொற்றுக்கால விதியை மீறி வெளியே போய்விட்டு வந்ததால், நல்ல உடல்நலத்தோடு இருந்த பிட்சரை கிளீவ்லாந்து அணியே வாரக்கணக்கில் ஒதுக்கிவைத்தது. பிறகு மாதக் கடைசியில் சான் டியேகோவுக்குக் கைமாற்றியது. டிராஃப்டுக்கு முன்பு வீரர்களின் ஈஆர்ஏவைப் பார்க்கலாம், வயதைப் பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுவார் என்றா பார்க்க முடியும்?

அக்கா (காலை 10:10)
நீங்கள் ஒருவரே பாதிக்கப்பட்டதாக எழுத வேண்டாம். எட்டாம் சுற்றில் நான் எடுத்த சின்டர்கார்டுக்கு முழங்கை அறுவை என்று மார்ச் 24 அன்றே செய்தி வந்துவிட்டது. மாற்று வீரர் கேட்டேன், மறுத்தீர்கள். ஜூலையில் எல்லோரும் புதிதாக டிராஃப்ட் நடத்தலாம் என்று கேட்டேன், அதையும் மறுத்தீர்கள்.

அத்தை (காலை 10:19)
நல்லவேளை மறுத்தார்கள். ஜூலை தொடக்கத்தில் ஃபிரெடி ஃபிரீமன் தொற்றோடு கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த வாரத்தில் மறு டிராஃப்ட் நடந்திருந்தால் நானே அவரை இரண்டாம் சுற்றில் தொட்டிருக்க மாட்டேன். மார்ச்சில் எடுத்தது நிலைத்ததால் .341 சராசரி அடித்த எம்விபி என் அணியில் இருந்தார். அமெரிக்கன் லீகின் எம்விபியும் என் ஆள்தான்: 60 ஆட்டங்களில் 60 ஆர்பிஐ எடுத்த ஹோசே அப்ரேயு, ஒன்பதாம் சுற்றில். மூன்றாம் சுற்றில் ஷேன் பீபர்: எட்டு வெற்றி, ஒரு தோல்வி, 1.63 ஈஆர்ஏ, 122 ஸ்டிரைக் அவுட். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணன் (காலை 10:24)
கிளீவ்லாந்தில் வீடு இருப்பதால் அந்த ஊர் அணியின் பீபரை எடுத்தீர்கள் என்று மாமாவே சொன்னாரே, அத்தை.

அத்தை (காலை 10:25)
உங்கள் மாமா நிறையச் சொல்வார், மருமகனே. அவருடைய புள்ளிகளையும் என்னுடைய புள்ளிகளையும் பாருங்கள்.

நான் (காலை 10:41)
பீபரின் திறமையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அத்தை அவரைத் தக்கவைக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணத்தைக் குறைப்பதற்காக இந்த ஆண்டு ஒவ்வோர் அணியும் தன் பிரிவுக்குள் (கிழக்கு, மத்தியம், மேற்கு) 40 ஆட்டமும், மற்ற லீகின் அதே நிலப்பகுதிப் பிரிவோடு 20 ஆட்டமும் மட்டுமே ஆடியது. ஆக, மத்தியப் பிரிவுகளின் பிட்சர்கள் மத்தியப் பிரிவுகளின் பேட்டர்களுக்கு மட்டுமே வீசினார்கள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் அமெரிக்கன் லீகில் பீபரும் மயேதாவும், நேஷனல் லீகில் பாவரும் டார்விஷும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். நால்வரும் மத்தியப் பிரிவுக்காரர்கள். நல்ல பிட்சர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்களா, அல்லது அங்கே அடிக்கத்தான் ஆளில்லையா? அக்டோபர் ஒரு பதிலைச் சொன்னது. அந்த இரு பிரிவுகளிலிருந்தும் பிளேஆஃபுக்கு (பருவ முடிவின் வெளியேற்றச் சுற்றுகளுக்கு) போன ஏழு அணிகளும் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிட்டன. பீபரையே யாங்கீஸ் ஐந்து இன்னிங்ஸ் முடிக்க விடாமல் ஏழு ரன் அடித்தார்கள்.

அத்தை (காலை 10:47)
அதே அக்டோபரில் பாவர் அட்லாண்டாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரு ரன்னும் கொடுக்காமல் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தாரே. சின்சினாட்டி அன்றைக்குத் தோற்றதற்கு அவர்களுடைய பேட்டர்கள்தான் காரணம். பிட்சர்களைப் பழிக்க வேண்டாம்.

மாமா (காலை 10:49)
அடிக்கத் தெரியாத பேட்டர்கள் என்றுதான் தம்பியும் சொல்கிறான்.

அத்தை (காலை 10:50)
நீங்கள் யார் பக்கம்?

பெரியப்பா (காலை 11:02)
மாப்பிள்ளை, பதில் எழுத வேண்டாம். விஷயத்துக்கு வருவோம். ஸ்டீல் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) பிரிவில் அடால்பெர்ட்டோ மொண்டெசி என்ற ஒரே ஒருவர் 24 ஸ்டீலோடு தம்பியை முதலிடத்துக்குத் தூக்கினார். அதிலும் செப்டம்பர் வரும்வரை அவரைப் பெஞ்சில் உட்கார வைக்கலாமா என்று தம்பியே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். மறுபக்கம், என் மகன் முதல் சுற்றில் எடுத்த யெலிச் .205 அடித்தார். ஆனால் 58 ஆட்டங்களில் 46 முறை வாக் (நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் தளத்தை அடைவது) வாங்கியிருக்கிறார். பந்தைப் பார்க்கும் கண் போகவில்லை. இவற்றையெல்லாம் பார்க்கும்போது கோப்பை வேறு, வரிசை வேறு என்று அக்கா சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. மாற்றாக என்ன செய்யலாம் என்று அவளே சொல்லட்டும்.

அக்கா (காலை 11:10)
2019இல் பெற்ற இடத்தை 162ஆலும் 2020இல் பெற்ற இடத்தை 60ஆலும் பெருக்கிக் கூட்டி 222ஆல் வகுக்கலாம். வரும் எண் யாருக்குப் பெரியதோ அவர் முதலில் தேர்வு செய்யட்டும்.

மாமா (காலை 11:19)
கணக்குப் போட்டுவிட்டேன். 2019இல் எட்டாம் இடமும் இப்போது ஐந்தாம் இடமும் பெற்ற அக்காவுக்கு 7.19. முதல் தேர்வு அவளுக்கே. முன்மொழிந்தவருக்கே முதல் பரிசு கிடைப்பது தற்செயல்தான் என்று நம்புவோம். போன ஆண்டு ஆறாம் இடத்தில் இருந்த சாம்பியனுக்கு 4.65. போன ஆண்டு இரண்டாம் இடத்தில் இருந்த அண்ணனுக்கு 3.62.

அண்ணன் (காலை 11:20)
அதாவது கடைசி இடத்தில் வந்த எனக்கு முன்னால் கோப்பையை வென்ற அத்தை தேர்வு செய்வார். இதற்குப் பெயர்தான் நியாயமா?

அத்தை (காலை 11:22)
அக்காவின் யோசனை இப்போது எனக்கும் சரியாகவே படுகிறது.

பெரியப்பா (காலை 11:45)
கமிஷனராக என் முடிவு இதுதான். அக்காவின் கணக்கை ஏற்கிறோம். ஆனால் நடப்புச் சாம்பியன் எக்காரணம் கொண்டும் கடைசி இடத்தில் வந்தவருக்கு முன்னால் தேர்வு செய்யக்கூடாது, ஆகவே அவ்விருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். கோப்பையில் குறிப்போ நட்சத்திரமோ எதுவும் இருக்காது. 2020 என்று மட்டும் பொறிக்கப்படும். அடுத்த பருவம் ஏப்ரல் 1 அன்று தொடங்க இருப்பதால், டிராஃப்ட் மார்ச் 27 சனிக்கிழமை. அதற்கு முன்பு எவர் வற்புறுத்தினாலும் நடத்தமாட்டேன். தக்கவைக்கும் வீரர்களின் பட்டியலைப் பிப்ரவரி 28க்குள் இங்கே பதிவிடவும்.

அண்ணன் (மதியம் 12:03)
நான் இப்போதே பதிவிடுகிறேன்: யெலிச் முதல் சுற்று, கிளெவிஞ்சர் ஆறாம் சுற்று, மூன்றாமவரைப் பிறகு சொல்கிறேன். சான் டியேகோவில் முழுப் பருவம் ஆடப்போகும் கிளெவிஞ்சர் ஆறாம் சுற்றில் கிடைப்பதுதான் இந்த லீகிலேயே மலிவான சரக்கு.

16 நவம்பர் 2020, திங்கள்

அக்கா (இரவு 8:37)
அண்ணா, சான் டியேகோ அணியின் அறிவிப்பைப் பார்த்தீர்களா? கிளெவிஞ்சருக்கு முழங்கை அறுவை. 2021 முழுவதும் ஆடமாட்டார்.

அண்ணன் (இரவு 8:44)
பார்த்தேன். அப்பா, பட்டியலுக்குப் பிப்ரவரி 28 வரை அவகாசம் என்றுதானே எழுதியிருந்தீர்கள்?

அக்கா (இரவு 8:45)
சின்டர்கார்டுக்கு இல்லாத அவகாசமா?

பெரியப்பா (இரவு 9:10)
சின்டர்கார்டு டிராஃப்ட் முடிந்த பிறகு போனவர். இது கெடு முடியாத பட்டியல். மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இனிமேல் கடைசி வாரம் வரை யாரும் பட்டியலைப் பதிவிட வேண்டாம்.