டெரட்டோஜென்: ‘உருக்குலைப்பி’யா, ‘வளர்கரு இடர்ப்பொருளா’?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்கள் கருவுறும்போது அறிய வேண்டியவற்றைத் தமிழில் எழுதுவதற்கு, கருவில் வளரும் குழந்தைக்குக் குறையோ பாதிப்போ விளைவிக்கவல்ல பொருளைக் குறிக்கும் ‘டெரட்டோஜென்’ என்பதற்கு ஈடான சொல் தேவை என்று தொடங்கிய இவ்விழையில், உருக்குலைப்பி, ஊனமாக்கி, கருக்கேடி, கருவூறி என்ற நான்கு சொற்கள் வந்துள்ளன. இந்நான்கையும் ஏற்க இயலாமைக்குக் காரணம் கூறி, வேறொன்றை முன்வைக்கிறேன்.

கிரேக்க மூலச்சொல்லான ‘தெராஸ்’ அச்சமூட்டும் விகார உருவைக் குறிப்பது. அந்த நிழல்தான் ‘உருக்குலைப்பி’யிலும் ‘ஊனமாக்கி’யிலும் படிந்திருக்கிறது. தாலிடோமைடு என்ற தூக்க மருந்து 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட காலத்தில், கைகால் குறுகிப் பிறந்த குழந்தைகளைக் கண்ட உலகுக்கு அச்சொல் பொருந்தியிருக்கலாம். வலிப்பு மருந்துகளின் செய்தி அவ்வளவில் முடிவதில்லை. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து முதுகுத்தண்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் இதயக் குறைகளையும் விளைவிக்கலாம் என்பதோடு, உறுப்புகள் அனைத்தும் செம்மையாக அமைந்து பிறந்த குழந்தையின் பேச்சையும் கற்றலையும்கூடப் பாதிக்கலாம். கருவில் வால்புரோயேட்டுக்கு உள்ளான குழந்தைகளின் ஆறாம் அகவை நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) சராசரியாக 97 என்றும், மற்றொரு வலிப்பு மருந்தான லேமோட்ரிஜினுக்கு உள்ளானோரிடம் 108 என்றும் 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத இப்பாதிப்பை உருவைக் குறிக்கும் எந்தச் சொல்லாலும் சுட்ட முடியாது.

‘கருக்கேடி’ சுருக்கமான சொல்தான். ஆயினும் கருச்சிதைவு, கருக்கலைப்பு என்ற சொற்களோடு பழகிய காதுக்குக் கரு அழிந்துபோகும் என்றே அது ஒலிக்கும். ‘கருவூறி’யில் உள்ள ‘ஊறு’ நல்ல பழஞ்சொல். அதை இழப்பது எனக்கும் வருத்தமே. ஆனால் ‘கருவுறு’வுக்கும் ‘கருவூறு’வுக்கும் இடையே ஓர் உயிர்க்குறியின் நீட்டம் மட்டுமே வேறுபாடு என்பதால், மருந்துத் தாளின் பொடி எழுத்தில் இவ்விரண்டும் குழம்புவதை நாம் அனுமதிக்கக் கூடாது.

இந்நான்குக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: நிகழக்கூடியதை நிகழ்ந்தே தீருவதாக அவை சொல்கின்றன. வலிப்பு மருந்து எடுக்கும் கருவுற்ற பெண்களைப் பற்றிப் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டும் யூராப் பதிவேடு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, பெரிய பிறவிக்குறைகள் வால்புரோயேட்டில் 10.3 விழுக்காடு, கார்பமாசெபைனில் 5.5, லேமோட்ரிஜினில் 2.9, லெவெடிராசெட்டத்தில் 2.8. மருந்தே எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இத்தகைய குறைகள் இருப்பதுண்டு. வால்புரோயேட்டுக்குள்ளேயே, நாளொன்றுக்கு 650 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ எடுத்தவர்களிடம் 6.3 விழுக்காடாக இருந்தது, 1,450 மில்லிகிராமுக்கு மேல் 25.2 ஆக உயர்ந்தது. மருந்துக்கு மருந்தும் அளவுக்கு அளவும் இவ்வளவு மாறுபடும் ஒன்றை ‘ஊனமாக்கி’ என்று பெயரிட்டால், அதைப் படித்த பெண் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவார். அப்படித் திடீரென நிறுத்துவதால் வரும் தொடர்வலிப்பு தாயின் உயிரையும் கருவின் உயிரையும் பறிக்கக்கூடியது. மூளையும் முதுகுத்தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுவதால், தாம் கருவுற்றதை அறிந்த பின் பதறி நிறுத்துபவருக்கு முதுகுத்தண்டுப் பிளவைத் தவிர்க்கும் பயனும் பெரும்பாலும் கிட்டாது. மருந்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குவதும் கருத்தரிக்குமுன் மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டியவை.

ஆகவே என் முன்மொழிவு ‘வளர்கரு இடர்ப்பொருள்’ என்பது. கருவுக்கு இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘முளையம்’ என்ற சொல் அதன் தொடக்க நிலையை மட்டும் குறிக்கும். ‘வளர்கரு’ என்ற வினைத்தொகையோ முதல் வாரங்களையும் மூளை வளரும் பிந்தைய மாதங்களையும் ஒருங்கே தழுவும். ‘இடர்’ என்பதைத் தீங்கு விளைவிக்கவல்ல தன்மைக்கும், ‘இடர்வாய்ப்பு’ என்பதை அதன் அளவுக்கும் வைத்துக்கொண்டால், மேலே கண்ட விழுக்காடுகளை எழுதுவதும் எளிதாகும். பெயரடைக்கு ‘வளர்கரு இடருள்ள’, பண்புப்பெயருக்கு ‘வளர்கரு இடர்த்தன்மை’ என ஆக்கலாம். ‘பிறவிக்குறை’ ஏற்கெனவே வழக்கிலுள்ள சொல். அது விளைவின் பெயராகவே நிற்கட்டும்.

சொல் நீளம் என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். கலைச்சொல்லாக நிற்பதோடு, சொற்கள் பிரிந்து எளிய வாக்கியமாகவும் மாறக்கூடியது என்பதால் அந்நீளத்தை ஏற்கலாம் என்பது என் கருத்து. மருந்துத் தாளுக்கு நான் பரிந்துரைக்கும் வாசகம் இது: “இம்மருந்து வளரும் கருவுக்கு இடர் விளைவிக்கலாம். கருத்தரிக்க எண்ணினாலோ கருத்தரித்திருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.” நரம்பியல், மகப்பேறு மருத்துவர்கள் இவ்வாசகத்தில் திருத்தம் காண்பின் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.