ஒரு மங்கலான பொட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

கணக்குப்பிள்ளை:
நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, வரவு செலவு பார்க்கிற ஆள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடித்ததாக 2024-ல் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் மண்டலத்தைப் பற்றி நேற்றுதான் நிதானமாகப் படித்தேன். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளில் கிளம்பிய ஒளி, ஏறக்குறைய 1,350 கோடி ஆண்டுகள் நடந்து வந்து ஒரு கண்ணாடியில் விழுந்திருக்கிறது. அது கிளம்பியபோது பூமி கிடையாது, சூரியனே கிடையாது. ராத்திரி தூக்கம் போய்விட்டது. படத்தைப் பார்த்தால் ஒரு மங்கலான பொட்டு, அவ்வளவுதான். உங்களுக்கெல்லாம் இப்படி ஆகுமா?

எதிர்க்கட்சி:
ஆகாது. நீங்கள் வியந்தது பொட்டைப் பார்த்து இல்லை, பக்கத்தில் போட்டிருந்த எண்ணைப் பார்த்து. 135 கோடி என்று போட்டிருந்தாலும் தூக்கம் போயிருக்கும். வெப் பார்ப்பது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளி. நிறமெல்லாம் இங்கே உட்கார்ந்து கொடுப்பது. 2022-ல் சீயர்ஸ்-93316 என்று இன்னொரு மண்டலத்தைக் காட்டினார்கள். பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தது என்றார்கள். மறு வருடம் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) எடுத்துப் பார்த்தால் சுமார் 120 கோடி! ஆயிரம் கோடி டாலர் செலவழித்துக் கட்டியதில் இந்த லட்சணம். உங்கள் தொழிலில் இப்படிப் பிழை விட்டால் சும்மா விடுவார்களா?

கணக்குப்பிள்ளை:
அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது யார்? அதே தொலைநோக்கிதானே. எங்கள் தொழிலில் அதற்குத் தணிக்கை என்று பெயர். திருத்தமே இல்லாத பேரேட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

இரவுப்பறவை:
சீயர்ஸ் விஷயத்தில் முதலில் கையில் இருந்தவை சில வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்கள் மட்டும். தூரத்து மண்டலம் நீண்ட அலைகளில் தெரியும், குறுகிய அலைகளில் சட்டென்று காணாமல் போகும். வழியிலுள்ள ஹைட்ரஜன் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. எந்த இடத்தில் மறைகிறது என்பதை வைத்துத் தூரத்தை மதிப்பிடுவார்கள். பக்கத்து மண்டலம் ஒன்று இதே வேஷத்தைப் போட முடியும், சீயர்ஸ் போட்டது. ஜேட்ஸ் மண்டலம் அப்படி இல்லை. நிறமாலை எடுத்து உறுதி செய்த பிறகுதான் அதன் தூரத்தை அறிவித்தார்கள். அண்டம் விரிந்ததில் அதன் ஒளியலை சுமார் 15 மடங்கு நீண்டிருக்கிறது.

எதிர்க்கட்சி:
நிறமாலையும் அதே கருவியில் எடுத்ததுதானே? தன் கணக்கைத் தானே தணிக்கை செய்தால் செல்லுமா, கணக்குப்பிள்ளை சார்?

கணக்குப்பிள்ளை:
செல்லாது. இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

இரவுப்பறவை:
மாட்டவில்லை. சிலியில் பாலைவனத்து மேட்டில் அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கி வரிசை இருக்கிறது. வேறு கருவி, வேறு அலைநீளம். அதே பொட்டின் நிறமாலையில் ஆக்சிஜனின் அடையாளமான கோடு பிடிபட்டதாக 2025-ல் அறிவித்தார்கள். வெப் சொன்ன செம்பெயர்ச்சி, அதாவது ஒளியலை கூடுதலாக எத்தனை மடங்கு நீண்டது என்ற அளவு, 14.32; அல்மா சொன்னது 14.18. வெப் அறிவித்த பிழை வரம்புக்குள்தான் அது விழுகிறது. என் தூக்கத்தைக் கெடுத்தது தூரம் இல்லை, இந்த ஆக்சிஜன்தான். பெருவெடிப்பில் ஆக்சிஜன் உண்டாகவில்லை. விண்மீன் பிறந்து, உள்ளே சமைத்து, செத்துச் சிதறினால்தான் வெளியே வரும். அண்டத்துக்கு 30 கோடி வயதாகும்போதே அங்கே ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்திருக்கிறது!

வழிப்போக்கன்:
மிகத் தூரத்து மண்டலம் என்ற அதன் சாதனை பழசாகிவிட்டது. 2025-ல் மாம்-இசட்14 என்ற இன்னொரு மண்டலம் வந்து முந்திவிட்டது. நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

எதிர்க்கட்சி:
சரி, ஆக்சிஜனை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு செய்தியில் 1,350 கோடி, இன்னொன்றில் 3,400 கோடி ஒளியாண்டு. இதில் எது பொய்?

இரவுப்பறவை:
இரண்டுமே சரி. முதலாவது ஒளி நடந்த காலம். அது நடக்க நடக்கப் பாதையே நீண்டுகொண்டிருந்ததால், அந்த மண்டலம் இன்று இருக்கும் தூரம் இரண்டாவது.

கணக்குப்பிள்ளை:
இன்று இருக்கும் என்கிறீர்கள். இருக்கிறதா?

இரவுப்பறவை:
இதே உருவில் இருக்காது. வேறு மண்டலங்களோடு சேர்ந்து பெரிதாகியிருக்கலாம். அங்கிருந்து இன்று கிளம்பும் ஒளி நம்மை வந்து சேரவே சேராது. இடையில் உள்ள வெளி அவ்வளவு வேகமாக விரிகிறது.

கணக்குப்பிள்ளை:
போச்சு. இன்றைக்கும் தூக்கம் இல்லை.

எதிர்க்கட்சி:
நிறம் பூசிய படத்துக்குப் பதில் அந்த ஆக்சிஜன் கோடு தெரியும் வரைபடத்தைப் போட்டிருந்தால் நான் முதலிலேயே வாயை மூடியிருப்பேன். வரைபடம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.