ஏற்றத்துல டிராக்டர் முன்சக்கரம் தூக்குது, கொக்கியில எவ்வளவு பாரம் வைக்கணும்?

சந்தூர் பக்கம் மாங்காய் லோடு. 45 எச்பி டிராக்டர், ரெண்டு சக்கர டிரெய்லர், 20 கிலோ கிரேட் 150, டிரெய்லரோட சேர்த்து 4 டன். பத்து நாளா மண்மேடு ஏறும்போது ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராவே போகுது, முன்டயர் மண்ணைத் தொட்டும் தொடாமலும் உருளுது.

முன்னாடி 25 கிலோ வெயிட் நாலு மாட்டியாச்சு, பத்தல. கொக்கியை ஒரு ஓட்டை இறக்கினதுல கொஞ்சம் பரவாயில்ல. (டாப் லிங்க்ல, அதாவது டிராக்டர் பின்னாடி மேல இருக்கிற கம்பியில கட்டி இழுன்னு யாரும் சொல்லாதீங்க, வண்டி மல்லாந்துடும்.) எடைமேடையில டிரெய்லர் மூக்கை (கொக்கியில மாட்டுற முன்முனை) மட்டும் வச்சுப் பார்த்தா 620 கிலோ. 40 கிரேட்டைப் பின்னாடி தள்ளினதும் 300. ஏற்றம் சரியாச்சு, ஆனா இறக்கத்துல டிரெய்லர் வாலாட்டுது, கொக்கிப் பின் கடகடன்னு குதிக்குது.

இந்த 4 டன்னுக்கு மூக்குல எத்தனை கிலோ நிறுத்தி ஓட்டுறீங்க?