ஹாப்டோகுளோபின் ஆன்டிபாடி: ஒரு பேண்ட் வர வேண்டிய இடத்தில் மூன்று, அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி

கேட்டவர்:
வணக்கம். மனித சீரத்தில் ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தை வெஸ்டர்ன் ப்ளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரைமரி (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி), முயலில் தயாரித்த பாலிகுளோனல். செகண்டரி (அந்த முதலாவதைப் பிடிக்கும் ஆன்டிபாடி), ஆட்டில் தயாரித்த ஆன்டி-ராபிட், எச்ஆர்பி என்ற பெராக்ஸிடேஸ் நொதி ஒட்டியது. லேனுக்கு 1 மைக்ரோலிட்டர் சீரம், டிடிடி (டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் பொருள்) சேர்த்துக் கொதிக்க வைத்து விடுகிறேன்.

ஆன்டிபாடியோடு வந்த தாளில் 45 கிலோடால்ட்டன் என்று போட்டிருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை. 40-இல் எல்லா லேனிலும் தடித்த பேண்ட். கீழே சில சாம்பிளில் 17 பக்கம் ஒன்று, சிலவற்றில் 9 பக்கம் ஒன்று, சிலவற்றில் இரண்டும். இது போக 50, 25 பக்கம் எல்லாவற்றிலும் மங்கலாகத் தெரிகிறது. ஆன்டிபாடி சரியில்லை, வேறு வாங்கு என்கிறார் கைடு. வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்த ஆன்டிபாடி நன்றாகவே வேலை செய்கிறது.

45 என்பது ஜீன் வரிசையிலிருந்து கணக்கிட்ட முன்னோடிப் புரதத்தின் எடை. ரத்தத்துக்கு வருவதற்குள் அது ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாக வெட்டுப்படுகிறது. இரண்டையும் டைசல்ஃபைடு பிணைப்பு பிடித்து வைத்திருக்கும். டிடிடி போட்டதும் பிரிந்துவிடும். பீட்டா சங்கிலியில் சர்க்கரை ஒட்டியிருப்பதால் 40-இல் ஓடும். அதுதான் உங்கள் தடித்த பேண்ட்.

ஆளுக்கு ஆள் மாறுவது ஆல்ஃபா. இந்த ஜீனுக்கு எச்பி1, எச்பி2 என்று இரண்டு அல்லீல்கள் (மாற்று வடிவங்கள்) உண்டு. எச்பி2-இல் ஜீனின் ஒரு பகுதி இரட்டித்திருக்கிறது. அதனால் ஆல்ஃபா-1-இல் 83 அமினோ அமிலம், ஆல்ஃபா-2-இல் 142. ஜெல்லில் முதலாவது 9 பக்கமும் இரண்டாவது 16 முதல் 18 வரையும் வரும். 9 மட்டும் வந்தவர் 1-1, 17 மட்டும் வந்தவர் 2-2, இரண்டும் வந்தவர் 2-1. உங்கள் ப்ளாட் ஜீனோடைப்பையே காட்டிக்கொண்டிருக்கிறது! 1955-இல் ஆலிவர் ஸ்மித்தீஸ் ஸ்டார்ச் ஜெல்லில் சீரத்தை ஓட்டி, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே என்று கண்டுபிடித்ததும் இதே புரதத்தில்தான்.

50-உம் 25-உம் வேறு கதை. அது சாம்பிளில் இயல்பாகவே உள்ள மனித ஆன்டிபாடியான ஐஜிஜியின் கன சங்கிலியும் இலகு சங்கிலியும் என்று நினைக்கிறேன். ஒரு லிட்டர் சீரத்தில் ஐஜிஜி 7 முதல் 16 கிராம், ஹாப்டோகுளோபின் 0.3 முதல் 2 கிராம். 1 மைக்ரோலிட்டர் விட்டால் லேனில் ஐஜிஜி மட்டுமே 10 மைக்ரோகிராம் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். செகண்டரி கொஞ்சம் தடுமாறினாலும் அதைப் பிடித்துவிடும். பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் போட்டு ஒரு ஸ்ட்ரிப் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் 50 வந்தால் ஐஜிஜிதான். வராவிட்டால் டிடிடி பழசாகி, ஆல்ஃபாவும் பீட்டாவும் முழுதாகப் பிரியவில்லையோ என்று பார்க்கலாம்.

அப்புறம், சீரத்தை 100 மடங்கு நீர்த்து அதில் 10 மைக்ரோலிட்டர் விடுங்கள். அந்த 0.1 மைக்ரோலிட்டர் சீரத்திலேயே 6 முதல் 8 மைக்ரோகிராம் புரதம் இருக்கும். இவ்வளவு ஏராளமாக உள்ள புரதத்துக்கு அதுவே போதும். அடுத்த முறை செகண்டரி வாங்கும்போது மனித சீரத்துக்கு எதிராகக் கிராஸ்-அட்சார்ப் செய்ததாக (மனிதப் புரதத்தைப் பிடிப்பவற்றை நீக்கியதாக) கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
9-ஐ நம்பி 1-1, 2-2 என்று எழுதப் போகிறீர்கள் என்றால் மெம்பரேனைக் கவனியுங்கள். அதன் துளை 0.45 மைக்ரான் என்றால் அந்தச் சின்ன சங்கிலி ஊடுருவிப் போய்விடும். 2-1 ஆளை 2-2 என்று எழுதிவிடுவீர்கள். 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பரேன் எடுங்கள், ட்ரான்ஸ்ஃபர் நேரத்தைக் குறையுங்கள்.

பதில் 3:
சாம்பிளில் ஏதாவது சிவப்பாக இருந்ததா? ரத்தம் எடுக்கும்போது செல் உடைந்திருந்தால் ஹீமோகுளோபின் வந்துவிடும். குளோபின் சங்கிலி 16 பக்கம், அதாவது ஆல்ஃபா-2 நிற்கும் இடத்திலேயே ஓடும். அதோடு ஒட்டியிருக்கும் ஹீமுக்கு (இரும்புள்ள பகுதி) எச்ஆர்பி மாதிரியே பெராக்ஸிடேஸ் குணம் உண்டு. ஆன்டிபாடியே இல்லாமல் ஈசிஎல்லில் (பெராக்ஸிடேஸ் இருக்கும் இடத்தில் ஒளிரும் கரைசல்) ஒளிரக்கூடும். ஹாப்டோகுளோபினை 1938-இல் பொலோனோவ்ஸ்கியும் ஜேலும் கண்டுபிடித்ததே, ஹீமோகுளோபினின் இந்தக் குணத்தை அது கூட்டுகிறது என்பதை வைத்துத்தான். எந்த ஆன்டிபாடியும் போடாமல் ஈசிஎல் மட்டும் ஊற்றி ஒரு ஸ்ட்ரிப் பாருங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. செகண்டரி மட்டும் போட்ட ஸ்ட்ரிப்பில் 50, 25 இரண்டும் அப்படியே வந்தன. 100 மடங்கு நீர்த்ததும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. 40, 17, 9 வரிசை மாறவில்லை. கைடிடம் காட்டினேன், இதையே வைத்துக்கொள் என்றார்.

ஒரு சாம்பிள் மட்டும் சிக்கல். லேசாகச் சிவந்த சீரம். 9-உம் 17-உம் வந்ததால் 2-1 என்று குறித்திருந்தேன். ஆனால் ஈசிஎல் மட்டும் ஊற்றியபோதும் 17 பக்கம் மெலிதாக ஒளிர்கிறது. இதை எப்படி முடிவு செய்வது? இன்னொன்று, லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் ஒரே அளவு விட்டோமா என்று பார்க்க) ஆக்டின் போடலாமா?

பதில் 1:
அந்தச் சாம்பிளை டிடிடி இல்லாமல் 4-12 கிரேடியன்ட் ஜெல்லில் ஓட்டுங்கள். பக்கத்திலேயே சந்தேகமில்லாத ஒரு 1-1, ஒரு 2-1 வையுங்கள். 1-1 என்றால் 90 பக்கம் ஒரே பேண்ட். 2-1 என்றால் அதற்கு மேல் ஏணிப்படி மாதிரி பல பேண்ட் ஏறிப் போகும், ஏனென்றால் ஆல்ஃபா-2 கூடுதலாக ஒரு பிணைப்பு போட்டுச் சங்கிலியை நீட்டும். ஹீமோகுளோபின் கீழே எங்கோ கிடக்கும், குழப்பாது. எச்ஆர்பிக்குப் பதில் ஃப்ளூரசன்ட் செகண்டரி இருந்தால் பழைய ஜெல் முறையே போதும், ஹீம் அதில் தெரியாது. டிஎன்ஏ கையில் இருந்தால் பிசிஆர் இன்னும் உறுதி.

ஆக்டின் வேண்டாம். அது செல்லுக்குள் இருக்கும் புரதம், சீரத்தில் அதை அளவுகோலாக வைக்க முடியாது. ட்ரான்ஸ்ஃபர் முடிந்ததும் பான்சோ (எல்லாப் புரதத்தையும் காட்டும் சாயம்) போட்டு, பிளாக் செய்வதற்கு முன்பே மெம்பரேனைப் படம் எடுத்து வையுங்கள். லேனின் மொத்தப் புரதத்தை வைத்துக் கணக்கிடலாம்.