பெற்றோருக்கு வழிகாட்டும் உளவியலாளருக்கு எத்தகைய பயிற்சி தேவை?

கேள்வி: வணக்கம். மருத்துவ உளவியலில் முதுநிலை முடித்துள்ள நான், அடம்பிடிக்கும் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு வழிகாட்ட விரும்புகிறேன். குழந்தை வளர்ச்சி பற்றிய பாட அறிவு அதற்குப் போதுமா?

பதில் 1: போதாது. அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையைப் பாருங்கள். 2 முதல் 7 வயதுப் பிள்ளையுடன் தாயோ தந்தையோ விளையாட, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உளவியலாளர், பெற்றோர் அணிந்துள்ள இயர்போன் வழியே அந்தந்தக் கணத்திலேயே வழிகாட்டுகிறார். 5 நிமிடத்தில், செயலைக் குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டு 10, பிள்ளையின் பேச்சைத் திருப்பிச் சொல்வது 10, அதன் செயலை விவரிப்பது 10 என்ற அளவைப் பெற்றோர் எட்ட வேண்டும். கேள்வி, கட்டளை, குறைகூறல் எல்லாம் சேர்ந்தும் 3-க்கு மேல் போகக் கூடாது. இவற்றைக் கேட்டவுடன் பிரித்தறியும் திறன், மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் பழகினால்தான் வரும்.

பதில் 2: பெற்றோரின் தவறைச் சுட்டுவது எளிது, அவர்கள் சரியாகச் செய்ததை உடனே கவனித்துப் பாராட்டுவதுதான் கடினம். பிள்ளையிடம் அவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்கிறோமோ, அப்படியே நாமும் அவர்களிடம் நடந்தாக வேண்டும். பயிற்சியில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பதில் 3: எல்லாப் பெற்றோருக்கும் நீண்ட சிகிச்சை தேவைப்படாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் குழுவினர் உருவாக்கிய, டிரிபிள் பி என்னும் பெற்றோர் வழிகாட்டுத் திட்டம், தேவைக்கேற்ப உதவியை 5 நிலைகளாகப் பிரிக்கிறது. யாருக்கு எந்த நிலை என்று மதிப்பிடவும் கற்றுக்கொள்ளுங்கள்.