கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு இத்தனை பரிசோதனை எதற்கு?

நீலவானம்:
என் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க அண்ணி முன்வந்து மாதக்கணக்கில் ஆகிறது. ரத்தம், ஸ்கேன், இதயம், மறுபடி சிறுநீர் என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். இப்போது மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டுமாம். ரத்த வகை ஒத்துப்போகிறது, அண்ணனின் ரத்தம் அண்ணியின் அணுக்களை எதிர்க்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச்சும் சரி. தெரிந்தே கொடுக்கிறவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? அண்ணன் டயாலிசிஸில் வாடிப்போய்க் கிடக்கிறார்.

ஆற்றுமணல்:
பொருத்தம் பார்த்தது உங்கள் அண்ணனுக்காக. மற்றதெல்லாம் அண்ணிக்காக. எந்த நோயும் இல்லாத ஒருவரை அறுக்கப் போகிறார்கள், நண்பரே! சிடி ஆஞ்சியோவில் ரத்தக் குழாய்களையும், இரண்டு சிறுநீரகமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். ஒன்று சற்றுக் குறைவாக இருந்தால் அதைத்தான் எடுப்பார்கள், நல்லது கொடுப்பவருக்கே. சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை, 100ஐத் தாண்டினால் கூடாது. கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் 2017 வழிகாட்டுதலில் இருப்பதுதான் இது.

நீலவானம்:
அதே வழிகாட்டுதல் ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகின்றன என்ற அளவு, 90 இருந்தால் ஏற்கலாம், 60க்குக் கீழ் கூடாது என்கிறது. அண்ணிக்கு 84. ஓர் ஆஸ்பத்திரியில் முடியாது என்றார்கள், இன்னொன்றில் பார்க்கலாம் என்றார்கள். விதி இடம் கொடுக்கும்போது முடிவு அண்ணியுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

வேப்பமரம்:
84 என்பது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை வைத்துப் போட்ட கணக்காக இருக்கலாம். நேரடியாக அளக்கச் சொல்லுங்கள், எண் மாறக்கூடும். அப்புறம், அண்ணிக்கு வயது என்ன? 58 வயதில் 84 இருந்தால் பெரிய பயமில்லை. 25 வயதில் என்றால் நானே வேண்டாம் என்பேன். இன்னும் ஐம்பது அறுபது வருடம் ஒரே சிறுநீரகத்தோடு ஓட்ட வேண்டும், பின்னால் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ வருமா என்று இன்றைய பரிசோதனை சொல்லாது. 2014இல் வந்த அமெரிக்க ஆய்வின்படி, கொடுத்தவர்களில் 10,000 பேருக்குச் சுமார் 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். கொடுக்காத, அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 14 பேருக்கு.

நீலவானம்:
வயது 51. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவான ஆபத்துதானே, அதை ஏற்க அவர் தயார். எங்கள் வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆற்றுமணல்:
இருக்கலாம். ஆனால் அதை அண்ணி தனியாக, உங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மனநல மருத்துவர். பயமாக இருக்கிறது என்று அங்கே சொன்னால், வீட்டாரிடம் "தானத்துக்கு ஏற்றவர் இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். காரணம் வெளியே வராது.

நீலவானம்:
அது எனக்குத் தெரியாது. சரி, பேசட்டும். ஜிஎஃப்ஆரையும் நேரடியாக அளக்கச் சொல்கிறேன். ஆனால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று வாரக்கணக்கில் தள்ளுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேப்பமரம்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் நேரம் கேளுங்கள், விடாதீர்கள்.