மறுமொழி: ஏவு மரபணுவா, ஏவும் மரபணுவா?

அனைவருக்கும் வணக்கம்.

மற்ற மரபணுக்களை வேலை செய்யவோ நிறுத்தவோ சொல்லும் 'ரெகுலேட்டரி ஜீன்' என்பதற்குத் தமிழில் 'ஏவு மரபணு' எனலாம் என்று எழுதியிருந்தேன். 'ஒழுங்குபடுத்து மரபணு' என்றே இருக்கட்டும் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைப் படித்தால் ஆபீசில் மெமோ வாங்கிய ஞாபகம் வருகிறது. 'கட்டுப்பாட்டு மரபணு' என்றால் குடும்பக் கட்டுப்பாடு. கேலி போகட்டும். செய்கிறவர் யார், செய்யச் சொல்கிறவர் யார் என்பது இந்தச் சொற்களில் தெரியவில்லை. அதுதான் என் குறை.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலைக் கட்டியது யார்? பொம்மி நாயக்கர் என்கிறோம். அவரா உளி பிடித்தார்? நாயக்கர் ஏவும் வினைமுதல், சிற்பி இயற்றும் வினைமுதல். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

உதாரணத்துக்குத் தோலுக்கு வருவோம். தோல் செல்களுக்கு வலு தரும் இழைகளான கெரட்டின் 5, கெரட்டின் 14 புரதங்களுக்கான மரபணுக்கள் சிற்பிகள். பி63 என்கிற மரபணு நாயக்கர். தோலில் ஓர் இழைகூட அது நெய்வதில்லை. அதன் புரதம் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு மற்ற மரபணுக்களை வேலைக்கு இறக்கும். சிற்பி தவறினால் அவன் செதுக்கிய இடத்தில்தான் பழுது: கெரட்டின் 14 கெட்டால் மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் சின்ன உராய்வுக்கும் கிழிந்து கொப்புளம் கிளம்பும். நாயக்கரே இல்லையென்றால்? 1999இல் பி63 நீக்கிய எலிக்குட்டிகளைப் பிறக்கவைத்துப் பார்த்தார்கள். அடுக்கடுக்கான மேல்தோலே உருவாகவில்லை, கால்கள் குட்டையாய் நின்றுபோயின அல்லது முளைக்கவே இல்லை. உடம்பு நீர் வற்றிச் சீக்கிரமே செத்தன. மனிதருக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும்: கை கால் பிளவு, உதட்டுப் பிளவு, பல், முடி, நகம், வியர்வைச் சுரப்பி எல்லாவற்றிலும் குறை ஒரே குழந்தைக்கு வரலாம்.

இங்கே ஒன்று. 'தோல் மரபணு' என்று யாரும் எழுதாதீர்கள், 'மேல்தோல்' என்றே எழுதுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியோடு மேல்தோலையும் கழித்துவிடுவார்கள். செருப்பாகி வருவது அதற்குக் கீழே இருக்கும் உள்தோல். பி63 முக்கியமாக ஆள்வது கழித்துப்போட்ட அந்த மெல்லிய பகுதியை.

ஆற்காட்டு நண்பர் கேட்டது:

> ஏவுவது என்றால் செய்யச் சொல்வது. அடக்கும் மரபணுவை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நல்ல கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 1961இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜாக்கோபும் மோனோவும் பாக்டீரியாவில் காட்டிய மரபணுவே அடக்குகிற வகைதான்: பால் சர்க்கரை இல்லாதபோது அதை உடைக்கும் நொதியைச் செய்யாதே என்பது அதன் உத்தரவு. பி63உம் சில மரபணுக்களைக் கிளப்பும், சிலவற்றை அமுக்கும். ஆனால் நம் இலக்கணத்தில் 'போ' மட்டுமா ஏவல்? 'போகாதே' எதிர்மறை ஏவல். ஆகவே இரண்டுக்கும் அந்தச் சொல்லில் இடம் உண்டு.

காட்பாடி அம்மா எழுப்பிய தடையில் நான் தோற்றேன். 'ஏவுகணை' என்பது ஏவப்படும் கணை, 'ஏவலாள்' ஏவியதைச் செய்கிறவன். அந்தப் பழக்கத்தில் 'ஏவு மரபணு', 'ஏவல் மரபணு' இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் வினைத்தொகையை விட்டுவிட்டுப் பெயரெச்சமாகவே வைப்போம்: ஏவும் மரபணு, இயற்றும் மரபணு. ஓரெழுத்து கூடும், குழப்பம் போகும்.

பல மரபணுக்களை மேலிருந்து ஏவும் பி63 போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மாஸ்டர் ரெகுலேட்டர்' என்பதற்குத் தமிழ்ச் சொல் இன்னும் பாக்கி. 'தலைமை ஏவி' என்பது சூனியம் வைக்கிறவர் போல இருக்கிறது. 'மேஸ்திரி மரபணு' என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். நான் விளையாட்டாக எடுக்கவில்லை. மேஸ்திரி போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்தவர், மாஸ்டருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான். என் ஓட்டு அவருக்கு.